ரூத் வரைக்கும்

எங்கள் வீட்டில் ராத்திரி 9 மணிக்குக் குடும்ப ஜெபம். கொல்கத்தாவுக்கு வந்து 11 வருஷமாகியும் இது மட்டும் ஊரில் நடந்த மாதிரியே நடக்கிறது (அப்பாவின் கண்டிப்பு அப்படி!). ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். அப்புறம்தான் சாப்பாடு.

இந்த வருஷம் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். கண்ணில் புரை. சர்க்கரை கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று கையில் வாங்கிய வேதப்புத்தகத்தை அம்மாவால் இப்போது வாசிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தாலும் எழுத்து ஆடுகிறதாம். செல்போனில் வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதே என்று போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள், "அது யாரோ வாசிக்காங்க, நம்ம வீட்டுல யாரும் வாசிக்கலையே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

ஒரு நாள் நான் ஆபீசில் மாட்டிக்கொண்டேன். மனைவிக்கும் வேலை. அம்மா பேத்தியிடம் புத்தகத்தை நீட்டி, "நீ ஒரு அதிகாரம் வாசிம்மா" என்றிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள். இங்கிலீஷ் சரளமாக வாசிப்பாள், வங்காளம் வாசிப்பாள், இந்தி எழுத்துக்கூட்டுவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் ஓர் எழுத்து தெரியாது. "ஆச்சி, எனக்கு இது வராது. இங்கிலீஷ்ல வாசிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தாருல்லா? நீ ஏன் இவளுக்குச் சொல்லிக் குடுக்கல?"

பதில் இல்லை. பதில் இல்லாத ஆள் என்ன செய்வான்? மகளைப் பிடித்துத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். அன்றைக்கு ஜெபம் நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மூட்டம் கலையட்டும் என்று எல்லாரையும் ஸ்ரீராம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய பெயர் செராம்பூர். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்தால் பாலி, உத்தர்பாரா, கொன்னகர், ரிஷ்ரா தாண்டி வந்துவிடும். ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூர் கல்லூரி, எதிர்க்கரையில் பாரக்பூர். ஊருக்குள் செயின்ட் ஓலாவ் என்று டேனிஷ்காரர்கள் கட்டிய தேவாலயம் இருக்கிறது. பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்து 2016ல் மறுபடியும் திறந்தார்கள். அதன் வாசலில் நின்றபோது அம்மா, "தரங்கம்பாடிக்குப் போன மாதிரி இருக்கு" என்றார். கண் மங்கலாகத் தெரிகிறவர் சொன்னது! சரியாகத்தான் சொன்னார். இரண்டும் ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்கள்.

தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர்களிடம் இருந்தது. செராம்பூர் 1755 முதல். 1845ல் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஆங்கிலேயக் கம்பெனி அப்போதெல்லாம் தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்ற பயம். அதனால்தான் வில்லியம் கேரியும் அவருடைய நண்பர்களும் கல்கத்தாவை விட்டுவிட்டு 1800ல் டேனிஷ் கொடி பறந்த செராம்பூரில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்பு தமிழ் வேதாகமத்தின் கதை இன்னொரு டேனிஷ் ஊரில் ஆரம்பித்திருந்தது. ரயிலில் திரும்பும்போது மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். (அதுவரை அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.) அவளிடம் சொன்னதையும் அப்புறம் நான் யோசித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

1706 ஜூலை 9. பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். அரசர் அனுப்பினார் என்பதற்காக ஊரில் வரவேற்பு ஒன்றும் இல்லை. டேனிஷ் கவர்னருக்கே இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. உடம்பும் அவ்வளவு திடமில்லை.

தமிழ் கற்க என்ன வழி? அகராதி கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியாரோடு அவருடைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் சீகன்பால்க் வீட்டுக்கே வந்தார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் படித்த மனுஷன்! தெருவில் போகிறவர்கள் சிரித்திருக்க மாட்டார்களா? அழகப்பன் என்ற துபாஷி ஒருவரும் உதவினார். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் தெரிந்தவர். வெளிநாட்டானுக்கு உதவியதற்காகப் பின்னால் அவர் நிறையக் கஷ்டப்பட்டார்.

எழுத்து பிடிபட்டதும் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708லேயே தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதலில் உட்கார்ந்து கேட்டார், வாசித்தார். எனக்கு இந்த இடம் உறுத்தியது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அந்த வருஷக் கடைசியிலேயே கவர்னரோடு மோதல் வந்து, கோட்டையில் நான்கு மாதச் சிறை. வெளியே வந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் முடித்தார்.

சரி, எழுதியாயிற்று. அச்சடிக்க வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் ஒரு அச்சுக்காரரும் அனுப்பிவைத்தது. கப்பலை பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது, ஓட்ட ஆளில்லாமல்! நல்லவேளை, டேனிஷ் கம்பெனியின் சிப்பாய் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து ரொம்பப் பெரிசு. அதில் அடித்தால் இருக்கிற காகிதம் பாதிப் புத்தகத்துக்குக்கூடக் காணாது. அதனால் சின்ன எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். அதற்கு இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கியதாகச் சொல்வார்கள். சமையலறையில் தூக்கிப்போட வேண்டிய ஈயம், நம் வேதத்தின் எழுத்தாக மாறியிருக்கிறது!

1714ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ல் மீதியும் அச்சாகி முடிந்தன. இந்திய மொழிகளிலேயே முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு நம் தமிழில்தான்.

அப்புறம் பழைய ஏற்பாட்டைக் கையில் எடுத்தார். ஆதியாகமத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு புத்தகமாக ரூத் வரைக்கும் வந்தார். 1719 பிப்ரவரியில் தரங்கம்பாடியிலேயே இறந்துபோனார். வயது 36. அதற்கு முந்திய வருஷம் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

விட்ட இடத்திலிருந்து பெஞ்சமின் சூல்சே தொடர்ந்தார். 1728க்குள் முழு வேதாகமமும் தமிழில் வந்துவிட்டது. ஆனால் கதை முடியவில்லை. அந்தத் தமிழ் கரடுமுரடாக இருந்தது. வீரமாமுனிவர் அதைக் கடுமையாகக் கேலி செய்தார். அவர் தமிழில் பெரும் புலவர். அவர் காதுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1740ல் வந்த ஃபபிரிசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து திருத்தினார். அவருக்கு அச்சகம் கிடைத்த கதையும் விசித்திரமானது. 1761ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதுதான் வேப்பேரிக்குப் போனது. அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வெளிவந்தது. கடைசிக் காலத்தில் பண விவகாரத்தில் சிக்கிக் கடனுக்காகச் சிறையில்கூட இருந்தார் பாவம். 1791ல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. லுத்தரன் சபையார் வெகுகாலம் அவருடைய மொழிபெயர்ப்பைத் தங்கமாகப் போற்றினார்கள்.

அந்த ஃபபிரிசியஸின் தமிழ்தான் நான் நின்றுகொண்டிருந்த செராம்பூருக்கும் வந்தது! 1812 மார்ச் 11 அன்று கேரியின் அச்சகத்தில் பெரிய தீ. காகிதம், கையெழுத்துப் பிரதிகள், பல மொழி எழுத்துகள் எல்லாம் போயின. வருஷக்கணக்கான உழைப்பு ஒரே ராத்திரியில் சாம்பல். உருகிக் கிடந்த ஈயத்தைச் சாம்பலிலிருந்து பொறுக்கி எடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். அடுத்த வருஷமே, 1813ல், கல்கத்தா வேதாகம சங்கத்துக்காக செராம்பூரில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் அச்சான தமிழ் வேதம்! வெளியூரில் இருந்தால் தமிழ் எப்படி வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்புறம் எங்கள் பாளையங்கோட்டையில் ரேனியஸ். பேச்சுத்தமிழுக்கும் புத்தகத்தமிழுக்கும் நடுவில் ஒரு நடையைத் தேடினார். அவருடைய புதிய ஏற்பாடு 1833ல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் சேர்ந்து உழைத்தார்கள். நாவலர் கடைசிவரை பழுத்த சைவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1850ல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு இலக்கணச் சுத்தமானது. ஆனால் சபைகளில் ஓடவில்லை. ஜனங்களின் வாயில் ஏற்கெனவே ஒரு தமிழ் ஊறிப்போயிருந்தது. கடைசியில் ஹென்றி பவரும் முத்தையா பிள்ளை போன்ற தமிழறிஞர்களும் சேர்ந்து பழையதையும் புதியதையும் இணக்கிச் செய்ததுதான் 1871ல் வந்த வேதாகமம். அம்மா கையில் இருப்பதும், நம்மில் பல பேர் வீட்டில் இருப்பதும் அதுவே.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். சீகன்பால்க் 'சர்வேசுரன்' என்று எழுதினார். ஃபபிரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871ல் 'தேவன்' ஆனது. 1995ல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. கூப்பிடும் பெயருக்கே முன்னூறு வருஷமாக யோசித்திருக்கிறார்கள்! அம்மா சமையலறையில் கை சுட்டுக்கொண்டால் "ஆண்டவரே" என்கிறாரே, அது தானாக வருகிற வார்த்தை என்று நினைத்திருந்தேன். இத்தனை பேர் கடலில், சிறையில், நெருப்பில், கடனில் உழன்று கொண்டுவந்து சேர்த்த மொழியில்தான் எங்கள் வீடு பயப்படுகிறது, அழுகிறது, நன்றி சொல்கிறது.

இப்போது உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

நெகேமியாவின் புத்தகத்தில் இரண்டு சம்பவங்கள் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனங்களின் கதை அது. அவர்களும் நம்மைப் போல ஊர் விட்டுப் போனவர்கள்தான். 13ஆம் அதிகாரத்தில் நெகேமியா பிள்ளைகளைப் பார்க்கிறார். பாதிப் பேர் அஸ்தோத் ஊர்ப் பாஷை பேசுகிறார்கள், சொந்தப் பாஷை தெரியவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறுகிறது. தகப்பன்மாரைத் திட்டுகிறார், அடிக்கிறார், மயிரைப் பிடித்து இழுக்கிறார். 8ஆம் அதிகாரத்தில் நடப்பது வேறு. எஸ்றா மேடையில் நின்று வேதத்தை வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்கு அர்த்தம் சொல்லிப் புரியவைக்கிறார்கள். புரிந்ததும் ஜனங்கள் அழுகிறார்கள். அழவேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

சின்ன வயதிலிருந்து இரண்டையும் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி நான் எந்த அதிகாரத்தில் இருந்தேன் என்று இப்போதுதான் தெரிந்தது. அதிலும் ஒரு வித்தியாசம். நெகேமியா திட்டியது தகப்பன்மாரை. நானோ பிள்ளையைத் திட்டினேன்.

ஸ்ரீராம்பூர் கடைத்தெருவில் எனக்குப் புரியாத வங்காளப் பலகைகளை எல்லாம் படபடவென்று வாசித்துக் காட்டியவள் அவள்தான். எழுத்துக் கற்றுக்கொள்ள முடியாத பிள்ளை இல்லை. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத பிள்ளை.

சீகன்பால்கின் மணல் கதையை அம்மாவும் ரயிலில் கேட்டுக்கொண்டுதான் வந்தார். மறுநாள் சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிப் பேத்தி முன்னால் வைத்தார். கண் தெரியாவிட்டால் என்ன, கைக்கு எழுத்து தெரியுமே! அவள் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தார். இங்கே வங்காளிகள் சரஸ்வதி பூஜையன்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பார்கள், 'ஹாதே கோரி' என்று பெயர். "ஆச்சி, இது ஹாதே கோரி" என்று இவள் சிரிக்க, அம்மா அது என்னவென்று கேட்க, இவள் விளக்க... ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒரே தாம்பாளத்தின் மேல் குனிந்திருந்தார்கள். ஆபீசிலிருந்து வந்த நான் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டினதற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, நீ 'ழ' எழுதிக் காட்டு" என்றாள்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டதற்கு அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "ரூத்து" என்றார். நாலே அதிகாரம், சின்னப் புத்தகம், அதுதான் காரணம். அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை.

எனக்குத்தான் அது வேறு மாதிரி பட்டது. சீகன்பால்கின் பேனா நின்ற இடம் ரூத். அது என்ன கதை? பெத்லகேமில் பஞ்சம். பிழைப்புக்காக ஒரு குடும்பம் மோவாபுக்குப் போகிறது. போன இடத்தில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோகிறார்கள். நகோமி வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள். கூடவே ஒரு மருமகள், வேற்று ஊர்க்காரி, விடமாட்டேன் என்று வருகிறாள். அந்தப் புத்தகத்தில் அற்புதம் ஒன்றும் நடக்காது. கடல் பிளக்காது, வானத்திலிருந்து நெருப்பு விழாது. கதிர் பொறுக்குகிறார்கள், வாற்கோதுமையை அளந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், மாமியாரும் மருமகளும் அன்றைக்கு நடந்ததைப் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவுக்குள் தேவன் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தில் ஓடுகிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற புத்தகம் வேதத்தில் எனக்குத் தெரியவில்லை.

நேற்று முதல் அதிகாரத்தில் ஐந்து வசனம் வாசித்தாள். அரை மணி நேரம் ஆனது, சாதம் ஆறிப்போனது. 'எலிமெலேக்கு' என்ற பெயரில் 'எலி' வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அம்மாவுக்கும்தான். அம்மாவுக்கு அந்த அதிகாரம் மனப்பாடம். ஆனாலும் முந்திக்கொண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவள் தட்டுத்தடுமாறி முடிக்கிற வரை காத்திருந்தார். முடித்ததும், "மிச்சம் நாளைக்கு" என்று புத்தகத்தை வாங்கி மூடினார்.

உங்கள் வீட்டிலும் அலமாரியில் ஒரு தமிழ் வேதப்புத்தகம் சும்மா இருக்கலாம். பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஒரு தாம்பாளமும் ஒரு கை ரவையும் போதும். கூட உட்காருங்கள்.